பில் ஏறுது, வளவு காய்ந்து கிடக்கு: ஒளிந்திருக்கும் தண்ணீர் ஒழுக்கைத் தேடிப் பிடிப்பது

ஆரையம்பதியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. மாதம் 14 யூனிட் அளவில் வந்துகொண்டிருந்த தண்ணீர் பில் இரண்டு மாதமாக 41 யூனிட் காட்டுகிறதாம். வளவில் எங்கேயும் ஈரம் இல்லை. பாத்ரூமுக்கு அடுத்த அறைச் சுவரில் மட்டும் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ற் பொருமி, வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. மேசன் வந்து பார்த்துவிட்டு, "பாத்ரூம் டைல்ஸ முழுக்க உடைச்சாத்தான் சரி வரும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உடைக்கத்தான் வேண்டுமா என்பது கேள்வி.

தங்கச்சி, இப்போதைக்கு ஒரு டைலையும் உடைக்க விடாதீர்கள். முப்பது வருடமாக நான் பைப் வேலை செய்கிறேன். தண்ணீர் ஒழுகிப் போன காசைவிட, ஒழுக்கு எங்கே என்று தெரியாமல் உடைத்த காசுதான் நம் ஊர் வீடுகளில் அதிகம் போயிருக்கிறது. உங்கள் பில்லிலேயே பாதி விடை இருக்கிறது, முதலில் அதைப் பார்ப்போம்.

ஒரு யூனிட் என்றால் 1000 லீற்றர். உங்களுக்குக் கூடியிருப்பது 27 யூனிட், அதாவது 27,000 லீற்றர். முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 900 லீற்றர். கூரையில் வைத்திருக்கிற 1000 லீற்றர் தாங்கியில் கிட்டத்தட்ட ஒரு தாங்கித் தண்ணீர் தினமும் எங்கோ போகிறது. மணிக்கு 37 லீற்றர், நிமிடத்துக்கு அரை லீற்றரைவிடக் கொஞ்சம் கூட. ஒரு பைப்பை மெல்லிய தாரையாகத் திறந்துவிட்டு இராப்பகலாக விட்டால் எப்படியோ அப்படி. இவ்வளவு தண்ணீர் உங்கள் பாத்ரூம் சுவருக்குள்ளே பாய்ந்தால் அந்தச் சுவர் முழங்காலோடு நின்றிருக்காது. பிளாஸ்ரர் கையோடு வந்திருக்கும், அறைத் தரையில் தண்ணீர் கசிந்திருக்கும். ஆகவே பில்லில் தெரிகிற நோயும் சுவரில் தெரிகிற நோயும் ஒன்று என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு வேறு காரணமாக இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டு தேடுவோம்.

900 லீற்றர் போனால் வளவில் எங்காவது சேறாக வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரையம்பதியில் ஆகாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற நம் நிலம் கடல் மணல். மணல் தண்ணீரைக் கீழே விடுமே தவிர மேலே காட்டாது. பைப் ஒன்றரை அடி ஆழத்தில் உடைந்திருந்தால் தண்ணீர் நேரே இறங்கி, ஏழெட்டு அடியில் இருக்கிற கிணற்றுத் தண்ணீரோடு சேர்ந்துவிடும். மேல் மணலைக் காலால் தட்டினால் புழுதி பறக்கும். கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரம் முழுக்க இதே கதைதான். சம்மாந்துறைப் பக்கம் வயலை ஒட்டிய களி மண்ணில் நேர்மாறு. அங்கே தண்ணீர் கீழே இறங்க முடியாமல் பக்கவாட்டில் ஊர்ந்து, உடைந்த இடத்திலிருந்து இருபது அடி தள்ளிக்கூட மேலே வரும். அங்கே ஈரம் கண்ட இடத்தைத் தோண்டினால் நல்ல பைப்தான் கிடைக்கும். இரண்டு மண்ணிலும் கண்ணை நம்ப முடியாது. மீற்றரை நம்பலாம்.

இன்றைக்கு இரவே செய்யக்கூடிய வேலை இது. எல்லாரும் படுத்த பிறகு, ஒருவரும் பைப் திறக்கமாட்டார்கள் என்று உறுதி செய்துகொண்டு, டோர்ச் லைற்றோடு மீற்றர்ப் பெட்டிக்குப் போங்கள். மூடியைத் திறந்து கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள், நம் பக்கம் மணலும் எறும்பும் அதை மூடிக்கிடக்கும். கறுப்பு எண்கள் யூனிட். சிவப்பு எண்ணோ சிவப்பு முள்ளோ யூனிட்டுக்குக் கீழான லீற்றர்க் கணக்கு. இதோடு நடுவிலோ ஓரத்திலோ நகத்தளவில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், சிலதில் நட்சத்திர வடிவம், சிலதில் முக்கோணம். தண்ணீர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் முதலில் அசைவது அதுதான். அதையே இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள். ஒரே பக்கமாக விட்டு விட்டுச் சுற்றினாலும் அது ஓட்டம்தான். பிறகு எண்கள் முழுவதையும் போனில் படம் எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள். வெள்ளாப்பில் எழும்பி, கொமட்டுக்குப் போவதற்கும் முன் இன்னொரு படம். இரவு பத்து மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை ஏழு மணித்தியாலத்தில் 260 லீற்றருக்குக் கிட்டப் போயிருந்தால் உங்கள் பில்லின் கணக்கும் மீற்றரின் கணக்கும் பொருந்துகிறது. ஒழுக்கு நிரந்தரமானது, மீற்றருக்கு உள்பக்கம், உங்கள் வளவில்.

இதற்கு மேலாகப் போயிருந்தால் அதுவும் ஒரு தடயம். இரவில் ஊர் முழுக்கப் பைப் மூடிக் கிடப்பதால் தெருக் குழாயில் அழுத்தம் ஏறும். பகலில் சொட்டுகிற ஓட்டை இரவில் பீறும். தாங்கி நிரம்பியதும் மிதக்கிற பந்தால் தண்ணீரை அடைப்பது பந்து வால்வு. பகலில் ஒழுங்காக அடைக்கிற அந்த வால்வு இரவு இரண்டு மணிக்கு அந்த அழுத்தத்தைத் தாங்காமல் விடும்.

இதைச் சொல்லும்போது எனக்கு களுதாவளையில் செய்த ஒரு வேலை நினைவுக்கு வருகிறது. தொழில் தொடங்கிய முதல் வருடங்கள். தனியாக இருந்த ஒரு அம்மாவின் வீடு. பில் கூடுது மகன் என்று கூப்பிட்டா. நான் மீற்றரைப் பார்த்தேன், சுற்றுகிறது. பாத்ரூம் தரையில் ஒரு டைல் சத்தம் வித்தியாசமாகக் கேட்டது, உடைத்தேன். ஒன்றும் இல்லை. குசினிப் பக்கம் உடைத்தேன். அங்கேயும் இல்லை. மூன்றாம் நாள் இரவு மழை இல்லாத நேரத்தில் பீலியிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதாக அந்த அம்மா தானாகவே சொன்னா. ஏறிப் பார்த்தால், தாங்கியின் வழிந்தோடும் பைப்பைக் கூரைப் பீலிக்குள் விட்டிருக்கிறார்கள். இரவெல்லாம் அது வழிந்து, பீலியால் இறங்கி, மணலுக்குள் போயிருக்கிறது. பந்து வால்வின் ரப்பர் வாசர் ஒன்றுதான் குறை. அந்த வாசரின் விலைக்கும் நான் உடைத்த தரைக்கும் இருந்த வித்தியாசத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. தரையை என் கைக்காசில் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு அளக்காமல் உளியைத் தொட்டதில்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். மீற்றர் ஓடுகிறது என்றால் அடுத்த வேலை வீட்டை இரண்டாகப் பிரிப்பது. நம் வீடுகளில் தண்ணீர் இரண்டு கட்டமாக வருகிறது. மீற்றரிலிருந்து தாங்கி வரை ஒரு கட்டம், அதில் தெருக் குழாயின் அழுத்தம் இருக்கும். முன் வளவுப் பைப்பும் சில வீட்டில் குசினிப் பைப்பும் அதிலிருந்தே நேரே பிரியும். தாங்கியிலிருந்து பாத்ரூம், கொமட், பேசன் எல்லாம் இரண்டாம் கட்டம், அதில் தாங்கி இருக்கிற உயரத்தின் அழுத்தம் மட்டும்தான்.

தாங்கிக்குள் தண்ணீர் போகிற வால்வை மூடுங்கள். வால்வு இல்லையென்றால் பந்தைத் தூக்கிக் கம்பியால் கட்டுங்கள். இப்போது மீற்றரைப் பாருங்கள். அந்தச் சின்னச் சக்கரம் இன்னும் சுற்றினால் ஒழுக்கு மீற்றருக்கும் தாங்கிக்கும் இடையில் புதைத்த பைப்பில். பாத்ரூமுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மேசனை அனுப்பிவிடலாம். சக்கரம் நின்றுவிட்டால் குறை தாங்கியிலோ, தாங்கிக்குப் பிறகோ.

நின்றுவிட்டது என்று வைப்போம். தாங்கியை அளவுகோலாக்குங்கள். உள்வழி அடைத்தபடியே இருக்க, வெளியே போகிற வால்வையும் அடைத்து, தண்ணீர் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு இரண்டு மணித்தியாலம் விடுங்கள். மட்டம் இறங்கினால் தாங்கியே ஒழுகுகிறது, அல்லது வால்வு சரியாக அடைக்கவில்லை. இறங்காவிட்டால் வெளி வால்வைத் திறந்து, பைப் ஒன்றும் பாவிக்காமல் இன்னொரு மணித்தியாலம். தாங்கியின் சுற்றளவு 340 சென்ரிமீற்றர் என்றால் ஒரு சென்ரிமீற்றர் இறக்கம் 9 லீற்றர் சொச்சம். உங்கள் 37 லீற்றர் இந்தப் பக்கம் போகிறதென்றால் மணித்தியாலத்தில் நான்கு சென்ரிமீற்றர் இறங்கியிருக்க வேண்டும். அரை சென்ரிமீற்றர்தான் இறங்கியது என்றால், இங்கே ஒரு சின்ன ஒழுக்கும் வேறெங்கோ, பெரும்பாலும் தாங்கியின் வழிந்தோடும் பைப்பில், பெரிய ஒழுக்கும் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்காமல் சின்னதை அடைத்துவிட்டு, பில் குறையவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

வீட்டுப் பக்கத்தில் முதல் சந்தேகம் எப்போதும் கொமட் சிஸ்டன். அது சத்தமில்லாமல், சுவருக்குள்ளே இல்லாமல், கண்ணுக்கு முன்னாலேயே ஒழுகும். கேசரிக்குப் போடுகிற கலரில் அரைக் கரண்டி சிஸ்டனுக்குள் கரைத்துவிட்டு, அரை மணித்தியாலம் ஒருவரும் போகாமல் பாருங்கள். கொமட்டுக்குள் நிறம் இறங்கினால் பெரும்பாலும் அடி வாசர் போயிருக்கிறது. சிஸ்டன் தண்ணீர் மேலே வழிகிற குழாயின் வாயோடு நின்றால், உள்ளே இருக்கிற மிதவையைத் தாழ்த்த வேண்டும். கொமட்டுக்குள் பின் பக்கத்தில் ஒரு துண்டு காய்ந்த ரிஷ்யூவை ஒட்டி வைத்தாலும் ஓடுகிற கோடு நனைந்து தெரியும்.

சிஸ்டனுக்குப் போகிற மூலை வால்வை மூடியும் தாங்கி இறங்குகிறதென்றால் இனிச் சுவர். ஆனால் சுவர் முழுவதும் இல்லை. பி.வி.சி. பைப் நடுவில் தானாக ஓட்டை விழுவது அரிது. ஒழுகுவது மூட்டு. மூட்டிலும் முதல் குற்றவாளி, பைப் வாய் சுவரிலிருந்து வெளியே வருகிற அந்த உள்மரைச் சொக்கட், அதாவது உள்ளே மரை வெட்டிய இணைப்புத் துண்டு. பித்தளை டப்பின், அதாவது திறந்து மூடுகிற குழாய் வாயின், மரை பிளாஸ்ரிக் சொக்கட்டுக்குள் ஏறுகிறது. டப் ஒழுங்காக நேரே நிற்கவில்லை என்று கடைசியில் ஒரு அரைச் சுற்று இறுக்குவார்கள். அந்த அரைச் சுற்றில் சொக்கட்டின் பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழும். அன்றைக்குத் தெரியாது. ஒரு வருடம், இரண்டு வருடம் டப்பைத் திறந்து மூடத் திறந்து மூட அது நீளும். டைலுக்குப் பின்னாலேயே தண்ணீர் இறங்குவதால் பாத்ரூமுக்குள் ஒன்றும் தெரியாது, அடுத்த அறைச் சுவர் சொல்லும்.

இதைப் பார்க்க டைல் உடைக்கத் தேவையில்லை. டப்பைக் கழற்றி, சுவரோடு ஒட்டியிருக்கிற வட்டத் தகட்டை எடுத்துவிட்டு, போன் லைற்றை ஓரமாகப் பிடித்து உள்ளே பாருங்கள். சொக்கட்டின் வாயைச் சுற்றிச் சாந்து கறுத்து, பாசி படிந்து, விரலை வைத்தால் குளிர்ந்திருந்தால் அதுதான் இடம். டப்புக்குப் பதிலாக ஒரு மரை மூடியைத் திரெட் டேப் சுற்றிப் பூட்டி, தண்ணீரைத் திறந்து, அந்த இடுக்கில் ஒரு துண்டு பேப்பரைச் செருகி வையுங்கள். பத்து நிமிடத்தில் பேப்பர் நனைந்து வந்தால் சந்தேகமே இல்லை. அந்த ஒரு டைலை மட்டும் எடுத்தால் போதும். புதிதாகப் போடும்போது மரைக்குள் பித்தளை வைத்த சொக்கட் வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான். டப்பைக் கையால் இறுக்கி, ஸ்பானரால் ஒரு சுற்றுக்கு மேல் போகாதீர்கள். நேரே நிற்கவில்லையென்றால் கழற்றி, டேப் இன்னும் இரண்டு சுற்று கூட்டிச் சுற்றிப் பூட்டுங்கள்.

இரும்புக் கம்பியைச் சுவரில் வைத்துக் காதால் கேட்டுப் பிடிக்கலாமே என்பார்கள். தெருக் குழாய் அழுத்தத்தில், இரும்புப் பைப்பில் அது கேட்கும். பதினைந்து அடி உயரத் தாங்கியிலிருந்து வருகிற பிளாஸ்ரிக் பைப்பில் அழுத்தம் அரை பார் (bar) என்ற அளவுக்கும் குறைவு. என் காதுக்கு அதில் ஒன்றும் கேட்டதில்லை.

இனி, புதைத்த பைப்பில்தான் ஒழுக்கு என்று மீற்றர் சொல்லியிருந்தால். ஆரையம்பதி மணலையும் உங்கள் 900 லீற்றரையும் வைத்துப் பார்த்தால் நான் இதைத்தான் அதிகம் சந்தேகிக்கிறேன். பைப் எந்த வழியாகப் போகிறது என்று வீடு கட்டியவரிடமோ, பைப் போட்டவரிடமோ கேளுங்கள். தெரியாவிட்டால் மீற்றருக்கும் தாங்கியின் அடிக்கும் நேர்கோடு போடுங்கள், நம் ஆட்கள் பைப்பில் மிச்சம் பிடிக்க நேரேதான் போடுவார்கள். அந்தக் கோட்டில் மூன்று இடத்தை முதலில் பாருங்கள். கேற்றடியில் ஓட்டோவோ வாகனமோ ஏறி இறங்குகிற இடம். தென்னை, வேம்பு போன்ற மரங்களின் வேர் குறுக்கிடுகிற இடம். பைப் மண்ணிலிருந்து மேலே ஏறுகிற முழங்கை. இந்த மூன்றாவது இடத்தில் வெளியே நிற்கிற பைப் வெயிலில் வெளுத்து நொய்ந்துவிடும், பழைய வீடுகளில் இரும்புப் பைப் உப்புக் காற்றில் துருப்பிடித்து மண் மட்டத்தோடு அரிபட்டுப் போகும்.

மணலில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. அலவாங்கு வேண்டாம், அதன் நுனி பைப்பையே துளைத்துவிடும். நுனி மழுங்கிய அரை இஞ்சிக் கம்பி ஒன்றை எடுத்து, பைப் போகிற கோட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, மூன்றடிக்கு ஒரு தடவை அழுத்திக்கொண்டு போங்கள். அந்த வழியில் கரண்ட் வயர் புதைத்திருந்தால் இதைச் செய்யவே கூடாது. காய்ந்த மணலில் கம்பி அரை அடியோடு நெறுநெறுவென்று நிற்கும். ஒழுக்குக்குக் கிட்டப் போகப் போகச் சத்தம் மாறும். கல்முனையில் ஒரு வீட்டில் முருங்கையடிக்கு வந்ததும் கம்பி என் கையின் பாரத்துக்கே இரண்டடி இறங்கியது, வெண்ணெய்க்குள் கத்தி போவது போல. இழுத்துப் பார்த்தால் கம்பியின் கீழ் ஒரு அடிக்கு மணல் அப்பி நனைந்திருந்தது. மேலே காய்ந்த முருங்கைச் சருகு கிடந்தது. தோண்டினால் சொக்கட் ஒன்று பைப் ஒட்டுகிற கம் சரியாகப் பூசாமல் பாதி கழன்றிருந்தது, தண்ணீர் வேகத்தில் மணலை அரித்து ஒரு தேங்காய் அளவுக்குக் குழி. வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இந்தச் சோதனை நன்றாகத் தெரியும். மாரி தொடங்கினால் எல்லா மணலும் ஈரம், கம்பி ஒன்றும் சொல்லாது. அதனால் பிற்போடாதீர்கள்.

கம்பி உதவாவிட்டால் பாதி பாதியாக வெட்டுவது. எண்பது அடி பைப் என்றால் நாற்பதாவது அடியில் தோண்டி, வெட்டி, மீற்றர்ப் பக்கத்து வாயை மூடியிட்டு, மீற்றரைப் பாருங்கள். சுற்றினால் குறை முதல் நாற்பதில், நின்றால் பின் நாற்பதில். குறை உள்ள பாதியை அதே மாதிரி மறுபடி பாதியாக்குங்கள். மூன்று வெட்டில் பத்தடிக்குள் வந்துவிடலாம். வெட்டிய இடங்களில் வால்வு ஒன்றைப் போட்டு விட்டால் பிறகு எந்தக் காலத்திலும் இந்தப் பாடு இல்லை.

அடைக்கிற வேலையில் அவசரப்பட்டுப் பழுதாக்குகிறவர்கள்தான் அதிகம். சைக்கிள் ரியூப் சுற்றுவது, எபொக்சிப் பசை அப்புவது எல்லாம் ஒரு கிழமைக்கு. பழுதான துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டு போடுங்கள். இரண்டு பக்கமும் இரண்டடி கூடவே தோண்டினால்தான் பைப்பை வளைத்துச் சொக்கட்டுக்குள் ஏற்ற முடியும். வளைக்க இடமில்லையென்றால் ஒரு பக்கம் யூனியன், அதாவது திருகிக் கழற்றிப் பூட்டுகிற மூட்டு, போடுங்கள். வெட்டு நேராக இருக்க வேண்டும், பிசிரைக் கத்தியால் வழித்து, பளபளப்புப் போகிற அளவுக்கு மண்கடதாசியால் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்த பிறகுதான் கம். பைப்புக்கும் சொக்கட்டின் உள்ளுக்கும் மெல்லிசாக, இடைவெளியில்லாமல் பூசி, கால் சுற்றுத் திருகி உள்ளே தள்ளி, அரை நிமிடம் கையை எடுக்காமல் பிடியுங்கள். கையை எடுத்தால் பைப் மெல்லப் பின்னால் வரும், அது கண்ணுக்குத் தெரியாது.

ஈரத்தில் கம் பிடிக்காது. வால்வு அடைத்த பிறகும் பைப்பிலிருந்து நூலாக வந்துகொண்டிருந்தால் பாணின் வெள்ளைப் பகுதியைப் பிய்த்து உருட்டி உள்ளே அடையுங்கள். மூட்டுப் பூட்டி முடிக்கும் வரை அது தண்ணீரைப் பிடிக்கும், பிறகு கரைந்து போகும். தண்ணீர் திறக்கும்போது முதலில் முன் வளவுப் பைப்பைத் திறந்து கழிவை வெளியே விடுங்கள். ஒட்டிய பிறகு ஒரு நாள் காய விட்டால் நல்லது. குழியை மூட வேண்டாம். ஒரு இரவு அழுத்தத்தோடு விட்டு, மீற்றர்ச் சோதனையைத் திரும்பச் செய்து, காலையில் இரண்டு படமும் ஒரே எண்ணைக் காட்டினால் மூடுங்கள். கேற்றடியில் போகிற பைப்பை அதைவிடப் பெரிய பைப் ஒன்றுக்குள் நுழைத்து விடுங்கள், வாகனப் பாரம் வெளிப் பைப்போடு போகும்.

மீற்றருக்கு வெளியே, தெருப் பக்கத்தில் ஈரம் கண்டால் அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம். அது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் வேலை, 1939க்கு அழைத்துச் சொல்லலாம்.

இனி அந்தச் சுவர். முதலில் வீட்டைச் சுற்றி நடந்து மற்றச் சுவர்களையும் பாருங்கள். அதே முழங்கால் உயரத்தில், உள்ளும் வெளியும், பல சுவரில் உப்புப் பூத்திருந்தால் அது நிலத்திலிருந்து ஏறுகிற ஈரம். நம் பக்கம் நிலத்தடித் தண்ணீர் அதிக ஆழத்தில் இல்லை, அதுவும் வாவியோரம் உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணீர். அத்திவாரத்துக்கு மேல் ஈரத் தடுப்புப் பூச்சு இல்லாமல் கட்டிய வீடு, உப்பு மணல் கலந்த சாந்து, இரண்டும் சேர்ந்தால் செங்கல் அந்தத் தண்ணீரைத் திரி எண்ணெய் உறிஞ்சுவது போல உறிஞ்சும். மாரியில் உறிஞ்சி, கச்சானில் காயும்போது தண்ணீர் போய் உப்பு மட்டும் சுவரில் நிற்கும். பைப்புக்கு அதில் குற்றமில்லை. உங்கள் வீட்டில் பாத்ரூமை ஒட்டிய அந்த ஒரு சுவர் மட்டும்தான் என்றால் பாத்ரூமைச் சோதிக்க வேண்டும். அதையும் உடைக்காமல்.

தரையில் தண்ணீர் போகிற வாயை ஒரு துணிப் பந்தைப் பொலித்தீனில் சுற்றி இறுக்கி அடைத்து, வாசல் படிக்கு ஈரக் களிமண் அணை கட்டி, ஒரு இஞ்சி உயரம் தண்ணீர் நிரப்பி, சுவரில் கோடு போட்டு ஒரு நாள் விடுங்கள். அன்றைக்குக் குளிப்பை வெளியே கிணற்றடியில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இறங்கினால் தரை விடுகிறது. இறங்காவிட்டால் அடைப்பை எடுத்துவிட்டு, இரண்டு வாளி தண்ணீரை வாய்க்குள் மட்டும் ஊற்றி, மறுநாள் சுவரைப் பாருங்கள், அது கழிவுப் பைப்பைச் சோதிப்பது. அதிலும் ஒன்றுமில்லையென்றால் குளிக்கிற ஷவரை அந்தச் சுவரில் பத்து நிமிடம் பிடியுங்கள், அது டைல் இடுக்கைச் சோதிப்பது. மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது என்று தெரியாமல் போகும். இந்தத் தண்ணீர் பாவித்த பிறகு ஒழுகுவது, ஆகவே மீற்றரில் கூடுதலாக ஒரு லீற்றரும் காட்டாது. உங்கள் பில்லையும் சுவரையும் பிரித்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

பெரும்பாலும் குறை அந்த வாயைச் சுற்றித்தான் இருக்கும். அதைச் சுற்றி நான்கு டைலை எடுத்து, பைப்பின் கழுத்தையும் கொங்கிறீற்றையும் சுத்தமாக்கி, சீமெந்தோடு கலக்கிற நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கை பூசி, மறுபடி ஒரு நாள் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு டைல் போடுங்கள். இடுக்குத்தான் குறை என்றால் பழைய இடுக்குச் சாந்தைச் சுரண்டிப் புதிதாக நிரப்பினால் முடிந்தது.

உப்புப் பூத்த சுவரில் பெயின்ற் அடிக்க அவசரப்படாதீர்கள். ஈரத்தின் காரணம் நின்ற பிறகும் ஒன்பது இஞ்சிச் சுவர் காயப் பல கிழமை எடுக்கும். உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள். தண்ணீரால் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள்தான் போகும். பொருமிய பிளாஸ்ரரை, உப்புத் தெரிகிற உயரத்துக்கு மேல் இன்னும் ஒரு அடி சேர்த்து, கல் தெரியச் சுரண்டிவிட்டு யன்னலைத் திறந்து விடுங்கள். கச்சான் காற்று மிச்ச வேலையைச் செய்யும். ஆற்று மணலில் பிளாஸ்ரர், அது காய்ந்த பிறகு பெயின்ற். அந்தச் சுவரில் பிளக் பொயின்ற் இருந்தால் இன்றைக்கே அதைப் பாவிப்பதை நிறுத்துங்கள். அதைத் திறந்து பார்க்க எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள், மெயின் சுவிட்சை அடைக்காமல் அந்தச் சுவரில் ஆணிகூட அடிக்க வேண்டாம்.

இன்னொன்று. பாத்ரூம் கழிவுப் பைப் மண்ணுக்குள் விடுகிறது என்று தெரிந்தால், பில் ஏறவில்லையே என்று அதைத் தள்ளிப் போடாதீர்கள். நம் மணலில் அந்தத் தண்ணீர் வடிபடாமல் நேரே கிணற்றுக்குப் போகும். கிணற்றுத் தண்ணீர் குடிக்கிற வீடென்றால் பில்லைவிட இதுதான் முதல் வேலை. மலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் ஐம்பது அடியாவது விடச் சொல்வதும் இதனால்தான். அடுத்த வளவுக் கிணறு எங்கே இருக்கிறது என்றும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

இன்றைக்கு இரவு முதல் படத்தை எடுங்கள் தங்கச்சி. நாளைக் காலைப் படம், தாங்கி வால்வை அடைத்த பிறகு அந்தச் சக்கரம் நின்றதா சுற்றியதா, தாங்கி மட்டம் மணித்தியாலத்தில் எத்தனை சென்ரிமீற்றர் இறங்கியது. இந்த மூன்றையும் எழுதி அனுப்பினால், எந்த இடத்தில் தோண்டுவது, எந்த டைலை எடுப்பது என்று நான் சொல்கிறேன். மேசனை அதுவரைக்கும் பொறுக்கச் சொல்லுங்கள்.